தென்னங்குற்றியின் மேல் நிறுத்திய பைபர் படகின் அடி குழிந்தது ஏன்?

வாழைச்சேனைத்துறை (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். வாழைச்சேனைப் பக்கத்தில் சிறிய பைபர் படகுப் பட்டறை ஒன்றில் வேலை செய்கின்றேன். உயர்தரத்தில் கணிதப் பிரிவு படித்தவன் என்பதால் தகைப்பு (ஓரலகுப் பரப்பில் வரும் விசை), விகாரம் (அதனால் வரும் நீட்சி வீதம்), யங்கின் மட்டு (பொருளின் விறைப்பு அளவு) என்பவை எனக்குப் புதிய சொற்கள் அல்ல. ஆயினும் அந்தக் கணக்குக்குள் அடங்காத ஒன்று என் கண்முன்னே நடந்திருக்கின்றது.

கடந்த மார்கழியில், அடைமழைக்குள், பதினெட்டு அடிப் படகு ஒன்றை வார்த்தோம். சாதாரண பொலியெஸ்டர் ரெசினும் (பிசின்), சதுர மீற்றருக்கு 450 கிராம் கண்ணாடி இழை மெட்டும் (இழைத்துண்டு விரிப்பு)தான். அடிப்பகுதி ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் தடிப்பு. வெளியே உரிமையாளர் விரும்பிய கருநீல ஜெல்கோட் (நிறப் பூச்சுப் படை). சித்திரை வரை ஒரு குறையுமின்றி ஓடியது. வைகாசியில் அவர் இயந்திரத்தைப் பழுதுபார்க்கக் கழற்றிவிட்டு, படகை இரண்டு தென்னங்குற்றிகளின் மேல் ஏற்றி, வலையையும் நங்கூரத்தையும் உள்ளேயே போட்டு, ஆவணி வரை வெயிலில் விட்டுவிட்டார். மூன்று மாதமும் கச்சான் காற்றும் வெயிலும்தான். இறக்கப் போனபோது, ஏராவுக்கு (படகின் அடி நடுமுதுகு) இரு புறமும் குற்றி பட்ட இடங்களில் அடிப்பகுதி உள்நோக்கிக் குழிந்திருந்தது. நேர்க்கோலை வைத்து அளந்தேன். ஆழமான இடத்தில் 14 மில்லிமீற்றர். குற்றியை எடுத்ததும் அன்றைக்கே 4 மில்லிமீற்றர் திரும்பியது. அடுத்த இரண்டு வாரங்களில் இன்னும் 3 திரும்பியது. மீதி 7 அப்படியே நிற்கின்றது. வெளியில் வெடிப்பு எதுவும் தெரியவில்லை.

அதே கலவையில் வார்த்து ஒதுக்கி வைத்திருந்த துண்டு ஒன்றைப் பட்டறை நிழலில் இரண்டு செங்கற்களுக்கு மேல் வைத்து, படகில் வந்திருக்கக்கூடிய தகைப்பைவிடக் கூடுதலாகவே பாரம் ஏற்றிப் பார்த்தேன். பத்து நிமிடம் வளைந்து நின்றது. பாரத்தை எடுத்ததும் நேராகிவிட்டது. ரெசின் நிறுவனத்தின் தரவுத்தாளில் உள்ள வலிமையில் பத்தில் ஒரு பங்குகூட அந்தக் குற்றி கொடுத்திருக்காது. அப்படியானால் தாள் சொல்வது பொய்யா, எங்கள் கலவை பிழையா, அல்லது நான் அறியாத வேறு ஒன்று இருக்கின்றதா? உரிமையாளர் எங்களைக் குறை சொல்கின்றார். நாங்கள் குற்றியைக் குறை சொல்கின்றோம்.

இழையும் பிசினும், அக்கரைப்பற்று

தம்பி, நீங்கள் அளந்து எழுதியிருக்கும் 4, 3, 7 என்ற மூன்று எண்களுக்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும். பெரும்பாலானோர் "படகு வளைந்துவிட்டது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார்கள். விடையில் பாதி அந்த எண்களுக்குள்ளேயே இருக்கின்றது.

தரவுத்தாள் பொய் சொல்லவில்லை. அதில் உள்ள வலிமை எண்ணும் யங்கின் மட்டு எண்ணும் 23 பாகை செல்சியஸ் அளவிலான ஆய்வுகூடத்தில், நன்றாக இறுகிய துண்டின் மீது, சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடும் சோதனையில் பெறப்பட்டவை. உங்கள் படகு எதிர்கொண்டதோ 60 பாகைக்கு மேலான வெப்பம், அரைகுறையாக இறுகிய ரெசின், மூன்று மாதம் இறங்காத பாரம். உலோகத்தில் இந்த வேறுபாட்டைப் பெரிதாகப் பொருட்படுத்தத் தேவையில்லை. உருக்கு ஒன்றுக்கு 25 பாகையும் 65 பாகையும் ஏறத்தாழ ஒன்றுதான். ரெசின் போன்ற பல்பகுதியம் (பொலிமர்) அப்படியல்ல. அதற்கு வெப்பநிலையும் காலமும் சொல்லப்படாத வலிமை எண் அரை எண்தான்.

உங்கள் படகின் சுவரில் இரண்டு பொருள்கள் இருக்கின்றன. கண்ணாடி இழையின் யங்கின் மட்டு ஏறத்தாழ 72 கிகாபஸ்கால். அது 800 பாகைக்கு மேல்தான் இளகும், ஆகவே கச்சான் வெயில் அதற்குத் தூசு. ரெசினின் மட்டு அறை வெப்பநிலையில் 3 முதல் 4 கிகாபஸ்கால் மட்டுமே. அதுவும், கண்ணாடி நிலைமாறு வெப்பநிலை என்று சொல்லப்படும் எல்லையைக் கடந்துவிட்டால், இறுகிய ரெசின் உருகாது என்றாலும் இறப்பர் போலத் துவண்டு, மட்டு நூறில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். இழைகள் எல்லாம் இழுவிசையின் திசையிலேயே ஓடியிருந்தால் ரெசின் துவண்டாலும் இழை தாங்கியிருக்கும். மெட்டில் இழைகள் துண்டு துண்டாக எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. கையால் உருளை உருட்டி ஒட்டும்போது நிறையில் 30 சதவீதம்தான் கண்ணாடி, மீதி முழுவதும் ரெசின். ஓர் இழைத்துண்டிலிருந்து மறு துண்டுக்கு விசையைக் கடத்துவது ரெசின்தான் என்பதால், அது தளர்ந்தால் முழுச் சுவரும் தளரும்.

இனி மார்கழிக்கு வருவோம். ரெசின் இறுக இறுக அதன் நிலைமாறு வெப்பநிலை ஏறிக்கொண்டே போகும். அந்த வெப்பநிலை, சுற்றியுள்ள வெப்பத்தை எட்டிச் சற்றுக் கடந்ததும், மூலக்கூறுகள் அசைய இடமில்லாமல், ரெசினை இறுக்கும் இரசாயனத் தாக்கமே ஏறத்தாழ நின்றுவிடும். எனவே 25 பாகையில் வார்த்த ரெசின், எத்தனை வாரம் வைத்திருந்தாலும், முழுமையாக இறுகிய ரெசினின் எல்லையை எட்டாது. தடித்த வார்ப்பு என்றால் தாக்கத்தின் சூடே அதற்கு உதவும். 4 மில்லிமீற்றர்ச் சுவரில் அந்தச் சூடு மழைக்காற்றில் பறந்துவிடும். தாக்கத்தில் சேராமல் எஞ்சிய ஸ்டைரீனும் (ரெசினைத் திரவமாக வைத்திருக்கும் பொருள்), கடலிலும் வாவியிலும் கிடந்தபோது உறிஞ்சிய நீரும் ரெசினை இன்னும் மென்மையாக்கும். இவை எல்லாம் சேர்ந்து உங்கள் படகின் எல்லை 50 பாகையை அடுத்து எங்கோ நின்றிருக்கும் என்பது என் கணிப்பு. கருநீலப் பரப்பு நண்பகல் வெயிலில் அதைத் தாண்டியிருக்கும்.

தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய சமன்பாடு உண்டு. வில்லியம்ஸ், லண்டெல், பெர்ரி ஆகிய மூவரும் 1955இல் வெளியிட்டது. அதன் பொது மாறிலிகளான 17.44, 51.6 ஆகியவற்றை இட்டுப் பார்த்தால், நிலைமாறு வெப்பநிலைக்கு 10 பாகை மேலே மூலக்கூறுகளின் இளக்கம் ஏறத்தாழ 680 மடங்கு வேகமாகின்றது. மூலக்கூறுகள் வலைப்பின்னலாகக் குறுக்கே பிணைந்த ரெசினுக்கு இம்மாறிலிகள் மாறும் என்பதால் 680 என்பதைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். பத்துப் பாகை என்பது பத்துச் சதவீத விடயம் அல்ல என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

காலத்தின் பங்கைக் காட்ட இன்னொரு கணக்கு. மாறாப் பாரத்தின் கீழ் மெல்ல மெல்ல வளைந்துகொண்டே போவதைத் தவழ்வு என்கின்றோம். பைபர் சுவர்களில் அது பெரும்பாலும் காலத்தின் ஏதோ ஒரு சிறிய அடுக்குப்படி வளரும். எடுத்துக்காட்டுக்கு அந்த அடுக்கை 0.2 என்று வைத்துக்கொண்டால், நீங்கள் பார்த்த பத்து நிமிடத்திலிருந்து 90 நாள் வரை காலம் 12,960 மடங்கு கூடுகின்றது, தவழ்வு 6.6 மடங்கு கூடுகின்றது. இது வெப்பநிலையே மாறாமல். வேகமாக மோதும் அலைக்கு அதே ரெசின் விறைப்பாக நின்று பதில் சொல்லும், ஏனென்றால் மூலக்கூறுகளுக்கு நகர நேரமில்லை. அசையாமல் கிடக்கும் குற்றிக்கு அந்த நேரம் முழுவதும் கிடைக்கின்றது.

உங்கள் மூன்று எண்களுக்கு வருகின்றேன். உடனே திரும்பிய 4 மில்லிமீற்றர், மீள்தன்மைப் பங்கு. இரண்டு வாரத்தில் திரும்பிய 3, தாமதித்த மீள்தன்மை. மூலக்கூறுகள் பழைய இடத்துக்கு மெல்ல ஊர்ந்து வந்தன. மீதி 7ஐ "ரெசின் ஓடிவிட்டது" என்று நினைக்க வேண்டாம். வலைப்பின்னலாகப் பிணைந்த ரெசின் தார் போல ஓடாது. அந்த 7க்குள் மூன்று காரணங்கள் கலந்திருக்கலாம். ஒன்று, வளைந்த நிலையில் குளிர்ந்து உறைந்துபோன பங்கு. அதை மீண்டும் சூடாக்கினால் திரும்பும். இரண்டாவது, இழையும் ரெசினும் பிரிந்த நுண்வெடிப்புகள், அவை திரும்பா. மூன்றாவதுதான் எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. மார்கழியில் நின்றுபோன தாக்கம் வைகாசி வெயிலில் மீண்டும் தொடங்கியிருக்கின்றது. அதாவது உங்கள் படகு, குழிந்த நிலையிலேயே, மிச்சமிருந்த இறுக்கத்தைப் பெற்றிருக்கின்றது. புதிய பிணைப்புகள் குழியையே தம் இயல்பான வடிவமாக எடுத்துக்கொண்டுவிட்டன.

ஆகவே உரிமையாளரும் சரி, நீங்களும் சரி.

மருதமுனை நானா

அஸ்ஸலாமு அலைக்கும். ஐயா எழுதியதன் பின் நான் எழுத அதிகம் இல்லை என்றாலும், இருபது வருடமாக ரெசினைக் கையில் பூசிக்கொண்டவன் என்ற முறையில் சில விடயங்களைச் சேர்க்கின்றேன்.

மழைக்காலத்தில் வார்த்த படகு கையில் எடுத்தாலே தெரியும். அச்சிலிருந்து கழற்றி ஒரு வாரம் ஆன பின்னரும் உட்புறத்தில் ஸ்டைரீன் வாடை அடித்தால், அது இன்னும் பச்சை, அதாவது முழுதாக இறுகவில்லை. பழைய துணியில் அசற்றோனை நனைத்து உட்சுவரில் தேய்த்துப் பாருங்கள். விரல் ஒட்டினால் இறுகவில்லை. இதற்கென்று பார்கோல் என்ற கடினமானி இருக்கின்றது, ஊசியை அழுத்தி எண்ணைப் பார்க்கலாம். எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் அதை வைத்திருப்பவர் குறைவு.

மழையில் ரெசின் இறுகவில்லை என்று ஹார்ட்னரை (ரெசினை இறுகவைக்கும் திரவம்) கண்மதிப்பாக ஊற்றுவது பலருடைய பழக்கம். வழக்கமாக நூற்றுக்கு 1 முதல் 2 வரைதான் சேர்க்க வேண்டும். குறைந்தாலும் கெடும், கூடினாலும் கெடும். தராசில் நிறுத்து ஊற்றுங்கள். இன்னொன்றையும் சொல்லியே ஆகவேண்டும்: இறுகுவதை விரைவாக்கும் கோபால்ற்றையும் ஹார்ட்னரையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்கக் கூடாது, அது வெடிக்கும். கோபால்ற்றை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிய பிறகுதான் ஹார்ட்னர்.

மழைக்காலப் படகுக்கு நான் செய்வது இதுதான். ஒரு நாள் சாதாரணமாக இறுகவிட்டு, அச்சிலிருந்து கழற்றாமலேயே, மேலே பொலித்தீன் கூடாரம் கட்டி உள்ளே வெப்பக்காற்று விடுவேன். 40 பாகையில் 16 மணித்தியாலம். 80 பாகை என்றால் 3 மணித்தியாலம் போதும் என்று ரெசின்காரர்கள் சொல்வார்கள், ஆனால் அந்தச் சூட்டை என்னுடைய கூடாரம் தாங்காது. அச்சுக்குள் இருக்கும்போதே சூடாக்குவதுதான் முக்கியம். கழற்றிய பிறகு சூடாக்கினால் படகு தன் இஷ்டத்துக்கு ஒரு வடிவம் எடுக்கும், உங்கள் வாடிக்கையாளரின் படகு எடுத்ததைப் போல.

நெசவூரில் பிறந்தவனுக்கு மெட்டைக் கண்டால் என்றைக்குமே முழு நம்பிக்கை வருவதில்லை. நூலை நெய்யாமல் கொட்டிவைத்தது போன்றது அது. ஏரா ஓரத்திலும் அடிப்பகுதியிலும் மெட்டுக்கு இடையே நெய்த ரோவிங் (நீண்ட கண்ணாடி இழைத் துணி) ஒரு படை வைத்தால், நீண்ட இழை பாரத்தை எடுத்துக்கொள்ளும்.

குழிக்குப் புட்டி பூசி மறைக்க அவசரப்பட வேண்டாம் தம்பி. முதலில் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். நல்ல இடத்தில் கணீரென்றும் பிரிந்த இடத்தில் பொத்தென்றும் கேட்கும். பின்னர் படகைக் கவிழ்த்து, விளிம்பு முழுவதும் மணலில் இருத்தி, குழியின் மேல் எந்தப் பாரமும் இல்லாமல் கறுப்புப் பொலித்தீனால் மூடி நாலைந்து நாள் வெயிலில் விடுங்கள். ஐயா சொன்ன "உறைந்த பங்கு" எவ்வளவு என்று அதில் தெரிந்துவிடும்.

பாசிக்குடா 22

இவ்வளவு விஞ்ஞானம் தேவையா? ஒரு மெட் கூடப் போட்டால் முடிந்தது. நான் பார்த்த எல்லாப் பட்டறையிலும் அதைத்தான் செய்கின்றார்கள்.

இழையும் பிசினும், அக்கரைப்பற்று

ஒரு மெட் கூட்டுவது வீண் என்று நான் சொல்லமாட்டேன். 450 கிராம் மெட் ஒரு படை ஏறத்தாழ 1 மில்லிமீற்றர். 4 மில்லிமீற்றர் 5 ஆகும்போது வளைவுக்கு எதிரான விறைப்பு தடிப்பின் மும்மடியில் கூடுவதால் ஏறத்தாழ இரு மடங்காகின்றது. முதல் நாள் குழி பாதியாகும். ஆனால் பச்சை ரெசின் பச்சை ரெசின்தான். காலமும் வெயிலும் பெருக்குகின்ற அந்த மடங்கு, தடிப்பைப் பார்த்துக் குறையாது. கூடுதல் மெட்டுக்கும் ரெசினுக்கும் கொடுக்கும் காசில் நானாவின் பொலித்தீன் கூடாரத்தைப் பல தடவை கட்டலாம். நிறம் இன்னும் மலிவானது. வெள்ளை ஜெல்கோட் கேட்கும் வாடிக்கையாளருக்குத் தேநீர் வாங்கிக் கொடுங்கள்.

கல்லடிப் பாலத்தடி

வணக்கம். பொறியியல் இறுதியாண்டு மாணவி. இதே போன்ற ஒன்றை ஆய்வுச் செயற்றிட்டமாகச் செய்துகொண்டிருப்பதால் எழுதுகின்றேன்.

மூன்று மாதக் குழியை ஒரு வாரத்தில் பார்க்க முடியுமா என்ற கேள்விக்கு, கால–வெப்பநிலை மேற்பொருத்தம் என்ற முறை இருக்கின்றது. ஒரே மாதிரியான துண்டுகளை 30, 40, 50, 60 பாகைகளில் வைத்து, ஒவ்வொன்றிலும் சில மணித்தியாலத் தவழ்வை அளந்து, காலத்தை மடக்கை அச்சில் குறித்தால், கிடைக்கும் வளைகோடுகள் ஒன்றின் துண்டு மற்றதன் தொடர்ச்சி போல இருக்கும். சூடான துண்டின் கோட்டை வலப்புறம் நகர்த்திக் குளிரான துண்டின் கோட்டோடு பொருத்தினால், ஆய்வுகூடத்தில் ஒரு நாளில் எடுத்த அளவுகளிலிருந்து பல மாதங்களுக்கான கோடு கிடைக்கின்றது. வெப்பமும் காலமும் ஒரே கதவுக்கான இரண்டு திறப்புகள் என்பதால் இது நடக்கின்றது.

ஆனால் வாழைச்சேனை அண்ணாவின் துண்டில் இந்த முறை ஏமாற்றிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே ஏமாந்தேன். முழுமையாக இறுகாத துண்டை 60 பாகையில் வைத்தபோது, சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே அது இறுகத் தொடங்கியது. 60 பாகைக் கோடு 50 பாகைக் கோட்டைவிடத் தாழ்ந்து போனது. இரண்டு நாள் உபகரணத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த முறை பலிக்க வேண்டுமானால், பொருள் சோதனை முழுவதும் அதே பொருளாக இருக்க வேண்டும். நிலைமாறு வெப்பநிலைக்குக் கீழே நீண்ட நாள் வைத்திருந்தாலேகூட ரெசின் மெல்ல அடர்ந்து விறைப்பாகும். இந்தப் பௌதிக முதுமையை ஸ்ட்ரூயிக் என்பவர் 1978இல் தனி நூலாகவே எழுதினார்.

வெறும் கணக்கை நம்பாமல் காத்திருந்து பார்ப்பவர்களும் இருக்கின்றார்கள். பைபர் குழாய்களை 10,000 மணித்தியாலம், அதாவது ஏறத்தாழ பதினான்கு மாதம், அழுத்தத்தில் வைத்துச் சோதித்துத்தான் 50 வருடத்துக்கான வலிமையைக் கணிக்கின்றார்கள். கொங்கிறீற்றுக்குள் வைக்கும் கண்ணாடி இழைக் கம்பிகளுக்கு, அமெரிக்கக் கொங்கிறீற்று நிறுவகத்தின் 440ஆம் குழு 2006இல் வெளியிட்ட வழிகாட்டி, நிலையான பாரத்துக்கு வலிமையில் ஐந்தில் ஒரு பங்கை மட்டுமே அனுமதித்தது. காபன் இழைக்கு 55 சதவீதம். இழை ஒரே திசையில் ஓடும், தொழிற்சாலையில் இறுக்கிய கம்பிக்கே ஐந்தில் ஒன்றுதான். மழைக்குள் கையால் ஒட்டிய மெட்டுக்கு, அண்ணா, "பத்தில் ஒன்றுகூட இல்லையே" என்று ஆறுதல் அடைய முடியாது.

வாழைச்சேனைத்துறை

ஐயாவுக்கும் நானாவுக்கும் தங்கைக்கும் மிக்க நன்றி. மூன்று வாரம் கழித்துத்தான் எழுத முடிந்தது.

அசற்றோன் துணியால் உட்சுவரைத் தேய்த்தேன். இயந்திரம் பூட்டும் பின்புறத்தில், சுவர் தடித்த இடத்தில், விரல் ஒட்டவில்லை. நடு அடிப்பகுதியில், எப்போதும் நிழலும் ஈரமுமாக இருந்த மூலையில் ஒட்டியது. ஒரே படகு, ஒரே நாளில் வார்த்தது.

வெப்பநிலையை அளக்கக் கொரோனாக் காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானியைக் கொண்டுபோனேன். அது "ஹை" என்று காட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டது. பிறகு குளிரூட்டி திருத்தும் நண்பரிடமிருந்து ஒன்றை வாங்கி, ஒன்றரை மணிக்குப் பிடித்தேன். கருநீலப் பக்கம் 66 பாகை. அருகில் நின்ற வெள்ளைப் படகு 47.

மார்கழியில் வார்த்த பலகையில் மிச்சம் இருந்ததை 25 மில்லிமீற்றர் அகலத்தில் நான்கு துண்டுகளாக அறுத்து, 300 மில்லிமீற்றர் இடைவெளியில் தாங்கி, நடுவில் ஒரு கிலோ பாரம் தொங்கவிட்டேன். ஏற்றியதும் நான்கும் ஆறு மில்லிமீற்றருக்குச் சற்று மேலே வளைந்து நின்றன. ஒன்பது நாள் கழித்து, நிழலில் இருந்தது 8ஐத் தொடவில்லை. வெயிலில் வெள்ளை பூசியது 9. வெயிலில் நீலம் பூசியது 13. நானா சொன்னபடி பொலித்தீனுக்குள் நேராகக் கிடத்தி 40 பாகையில் 16 மணித்தியாலம் சூடாக்கிய பின் நீலம் பூசி வெயிலில் வைத்தது 9க்குச் சற்று மேல். நான்கு துண்டை வைத்து உலகத்துக்குச் சொல்ல எதுவும் இல்லை, ஆனால் முதலாளிக்குச் சொல்லப் போதுமாக இருந்தது.

படகையும் கவிழ்த்துக் கறுப்புப் பொலித்தீன் போட்டு ஐந்து நாள் விட்டேன். 7 மில்லிமீற்றரில் 3 திரும்பியது. 4 திரும்பவில்லை. குழியின் ஓரத்தில் ஒரு கை அகலத்துக்கு, நாணயம் தட்டினால் பொத்தென்று கேட்கின்றது. அந்த இடத்தை உள்ளேயிருந்து தேய்த்து எடுத்து, ரோவிங் வைத்து மீண்டும் ஒட்டப் போகின்றோம். செலவில் பாதி எங்களுடையது, பாதி உரிமையாளருடையது என்று பேசி முடிந்தது. இரண்டு குற்றிக்குப் பதிலாக ஏராவின் நீளத்துக்கு மணல் மூட்டை அடுக்கி, மேலே கிடுகு வேய்ந்து தருவதாகவும் ஒப்புக்கொண்டிருக்கின்றார். நிறத்தை மட்டும் மாற்றமாட்டாராம்.

மருதமுனை நானா

கிடுகு போட்டால் நீலம் இருந்துவிட்டுப் போகட்டும். ஒட்டுகின்ற வேலையை ஐப்பசி மழைக்கு முன்னர் முடித்துவிடுங்கள் தம்பி.